சி++-ல் லாக்: பூட்டுவது நம் வேலை, திறப்பது நம் வேலை அல்ல

ஒரு கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது. ஒரு த்ரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பணிகளில் ஒன்று) அதில் 200 போடுகிறது, அதே நொடியில் இன்னொன்று 300 போடுகிறது. வர வேண்டியது 1500. ஆனால் இரண்டும் 1000 என்றே படித்துவிட்டுக் கூட்டி எழுதினால், 1200-ஓ 1300-ஓ நின்றுவிடும். இதைத் தடுக்கத்தான் மியூடெக்ஸ்: ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு.

படி 1: தரவுக்குப் பக்கத்திலேயே பூட்டு

கணக்கு கிளாஸில் இருப்புக்கு அடுத்த வரியிலேயே மியூடெக்ஸை வையுங்கள். இரண்டும் பிரைவேட்டாக இருக்கட்டும். இருப்பைப் படித்துச் சொல்லும் ஃபங்ஷனும் பூட்டிவிட்டுத்தான் படிக்க வேண்டும். "சும்மா படிக்கத்தானே போகிறோம்" என்று விட்டால், இன்னொரு த்ரெட் எழுதும் நேரத்தில் அதுவும் டேட்டா ரேஸ்தான் (ஒரே தரவில் த்ரெட்கள் பூட்டில்லாமல் மோதுவது).

படி 2: அன்லாக்கைக் கையால் எழுதாதீர்கள்

மேலே லாக், கீழே அன்லாக் என்று எழுதினால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். நடுவில் "பணம் போதவில்லை" என்று ஒரு ரிட்டர்ன் வந்தாலோ, எக்ஸெப்ஷன் கிளம்பினாலோ அன்லாக் வரியை யாரும் தொடுவதில்லை. அடுத்து வரும் த்ரெட் காத்துக்கொண்டே கிடக்கும்.

அதற்குப் பதில் லாக் கார்டு (std::lock_guard). சி++ 11-லிருந்தே இருக்கிறது. அந்த ஆப்ஜெக்ட் பிறக்கும்போது பூட்டும். அடைப்புக்குறி முடிந்து அழியும்போது தானே திறக்கும். எந்த வழியாக வெளியேறினாலும் சரி.

ஒரு பொறி மட்டும் உண்டு: அந்த ஆப்ஜெக்ட்டுக்குப் பெயர் வையுங்கள். பெயரில்லாமல் நெளிவு அடைப்புக்குறிக்குள் மியூடெக்ஸை மட்டும் கொடுத்தால், உருவாவது தற்காலிக ஆப்ஜெக்ட். அந்த வரி முடிவதற்குள் பூட்டியும் திறந்தும் ஆகிவிடும். கம்பைல் ஆகும், ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது.

படி 3: இரண்டு பூட்டு தேவைப்பட்டால்

பணப் பரிமாற்றத்துக்கு இரண்டு கணக்கையும் பூட்ட வேண்டும். ஒரு த்ரெட் அ-விலிருந்து ஆ-வுக்கு அனுப்புகிறது. இன்னொன்று ஆ-விலிருந்து அ-வுக்கு. முதலாவது அ-வைப் பிடித்துக்கொண்டு ஆ-வுக்குக் காத்திருக்கும், இரண்டாவது ஆ-வைப் பிடித்துக்கொண்டு அ-வுக்கு. இரண்டும் நகராது. டெட்லாக்.

சி++ 17 தந்த ஸ்கோப்டு லாக்கிடம் இரண்டு மியூடெக்ஸையும் ஒரே வரியில் கொடுத்துவிடுங்கள். எந்த வரிசையில் கொடுத்தாலும் டெட்லாக் வராதபடி அது பூட்டிக்கொள்ளும். பழைய கம்பைலர் என்றால், சின்ன கணக்கு எண் முதலில் என்பதுபோல் ஒரு வரிசையை வைத்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள்.

அப்புறம், அனுப்புவதும் பெறுவதும் ஒரே கணக்கு என்றால்? சாதாரண மியூடெக்ஸை ஒரே த்ரெட் இரண்டு முறை பூட்டக் கூடாது. பூட்டும் முன்பே அதைச் சோதித்துத் திரும்பிவிடுங்கள்.

படி 4: சீக்கிரம் விடுங்கள்

இருப்பை மாற்றுவதோடு பூட்டின் வேலை முடிந்தது. கோப்பில் எழுதுவது, நெட்வொர்க் அழைப்பு, பிறர் எழுதிய கால்பேக் எல்லாம் வெளியே. ஃபங்ஷனுக்குள் கூடுதலாக ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டு, லாக்கை அதற்குள் அடக்கினால் போதும்.

படி 5: சோதனை

ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் த்ரெட் சானிட்டைசர் இருக்கிறது. அதை இயக்கிக் கம்பைல் செய்து உங்கள் டெஸ்ட்களை ஓட்டினால், டேட்டா ரேஸ் நடந்த வரிகளைக் காட்டும்; பூட்டும் வரிசை முரண்பட்டாலும், நிரல் இன்னும் தொங்காவிட்டாலும்கூட, எச்சரிக்கும். ஓட்டம் 5 முதல் 15 மடங்கு வரை மெதுவாகும் என்பதால் டெஸ்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.