சிவப்புக் கல்லை நம்பாதீர்கள்: படிவுப் பாறைகளின் காந்தத்தை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காகத் தெரியும். கென்னி ஹில் பாறைத்தொகுதி அது. மேல்பகுதி செக்கச்செவேல் என்றிருக்கும். இறுதியாண்டு ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் முதலில் கைவைப்பது அதில்தான். சிவப்பு என்றால் இரும்பு, இரும்பு என்றால் காந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சிவப்பைத் தருவது ஹெமடைட் என்ற இரும்புக் கனிமம். வலுவான காந்தம் கொண்ட இன்னொரு இரும்புக் கனிமமான மேக்னடைட்டின் காந்த வலிமையில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான் அதற்கு. கண்ணுக்குத் தெரியாத மேக்னடைட் துகள்கள் கொஞ்சம் கலந்த சாம்பல்நிறக் கல், கருவியில் சிவப்புக் கல்லை மிஞ்சிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வயது. நம் ஊர் வெயிலும் மழையும் பாறையிலுள்ள இரும்பைத் துருவாக்கி, புது ஹெமடைட்டையும் கோதைட் என்ற துருக்கனிமத்தையும் வளர்க்கின்றன. அவை தாம் வளர்ந்த காலத்துப் பூமியின் காந்தப்புலத்தையே பதிந்துகொள்ளும். பாறையோ 25 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. மேல்தோலில் மாதிரி எடுத்துவிட்டு "பழங்காலப் புலம்" என்று எழுதினால் மாதக்கணக்கான உழைப்பு வீண். பார்க்கவே மனம் பொறுக்காது. சிதையாத கல் வரும்வரை உள்ளே போங்கள்.

பிறகு, காந்தத்தைத் தாங்குவது எந்தக் கனிமம் என்று அறிய, கல்லைப் படிப்படியாகச் சூடாக்கிப் பாருங்கள். கோதைட் 120 டிகிரி செல்சியஸ் வாக்கிலும், மேக்னடைட் 580-இலும், ஹெமடைட் ஏறக்குறைய 680-இலும் காந்தத்தை இழக்கும். இதிலும் ஒரு பொறி உண்டு: சூடே களிமண்ணிலும் பைரைட்டிலும் உள்ள இரும்பைப் புது மேக்னடைட்டாக மாற்றக்கூடும். ஒவ்வொரு படி முடிந்ததும் காந்த ஏற்புத்திறனை, அதாவது வெளிக்காந்தப் புலத்தில் கல் எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அளந்துவிடுங்கள். அது திடீரென ஏறினால், அதற்கு மேல் வரும் அளவுகளை நம்ப வேண்டாம்.

கைக்காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் காந்தக் கனிமமே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஈயலம்பத்தில் (வெள்ளீயச் சுரங்கத்தில்) மிஞ்சும் அமாங் மணலிலுள்ள இல்மனைட் என்ற கனிமம், சாதாரணக் காந்தத்துக்கு அசையாது. அதைப் பிரிக்க ஆலைகளில் வலுவான காந்தம் வைத்திருக்கிறார்கள்.

பத்துமலைப் பக்கத்துத் தூய சுண்ணாம்புக்கல்லுக்குக் காந்த ஏற்புத்திறன் எதிர்மறை எண்ணாக வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் இயல்பே அது.

சாய்வுக் கோணத்தையும், அதாவது பாறையில் பதிந்த காந்தத் திசை கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும், அப்படியே நம்பக்கூடாது. சேறு அமுங்கும்போது துகள்களும் படுத்துவிடும். 45 டிகிரி சாய்வு 31 ஆகப் பதிந்தால், அதிலிருந்து கணக்கிடும் பழைய அட்சரேகை (பாறை உருவான இடத்தின் அட்சரேகை) 27-இலிருந்து 17-க்கு இறங்கிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிழை! அதே வயதுடைய எரிமலைப் பாறை கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். உறைந்த எரிமலைக் குழம்பு சேற்றைப்போல் அமுங்குவதில்லை.