வாதம் வந்தவனின் தூக்கக் கணக்கு

இருபத்திரண்டு வருடம் பாதுகாவலர் வேலை பார்த்தேன். பெரும்பாலும் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை. தூக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன், 58 வயதில், பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு அந்தப் பாடத்தை அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் மூவறை வீட்டில் நானும் மனைவியும் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எனக்கு வாதம் வந்ததே தூக்கத்தில்தான். விடுப்பு நாள். காலை ஐந்தரைக்கு எழுந்தால் இடது காலில் செருப்பு நிற்கவில்லை. மரத்துப்போயிருக்கும், இன்னும் கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று மறுபடி சாயப் போனேன். என் வாய் கோணியிருந்ததைப் பார்த்த மனைவி உடனே ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்தார். மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டார், தெளிவாகப் பேசினார் என்று மனைவி சொன்னார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தை நாம் கண் விழித்ததிலிருந்து எண்ண மாட்டார்கள், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். அதனால் வீட்டில் உள்ளவர்கள் இந்தக் கேள்வியை மனதில் வைத்திருங்கள்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் மாலை ஏழுக்கே கண் சொருகிவிடும், நள்ளிரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பகலெல்லாம் அசதி. அதை யாரும் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். முன்பு யோசிக்காமல் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அடிபட்ட மூளை இப்போது கூடுதலாக உழைக்கிறது. சட்டை போடுவதே ஒரு ஷிப்ட் வேலை மாதிரி.

நான் முதலில் பிடித்தது தூங்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தை. இரவு எப்படிப் போனாலும் காலை 7 மணிக்கு எழுந்துவிடுவேன். சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியனும் ஏறக்குறைய அப்போதுதான் எழுகிறது. ஏழரைக்கெல்லாம் புளோக்குக்குக் கீழே வெளிச்சம் படும் பெஞ்சில் பாலும் சீனியும் இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங்கோடு அரை மணி நேரம் உட்காருவேன். காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. மதியத்துக்குப் பிறகு கோப்பி கிடையாது. பகல் தூக்கம் ஒன்றரை மணிக்கு, அலாரம் வைத்து அரை மணி நேரம். மூன்று மணிக்கு மேல் கண்ணை மூடினால் அந்த இரவு போச்சு.

படுக்கும்போது விழுந்த கையைத் தொங்க விடக்கூடாது. தோளிலிருந்து விரல் வரை ஒரு தலையணை தாங்க வேண்டும். தூக்கிவிடுகிறேன் என்று யாராவது அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் தயங்காமல் அதட்டுங்கள். என் மைத்துனர் பாசத்தோடு ஒருமுறை இழுத்ததற்கு ஒரு மாதம் தோள்வலியில் தூங்காமல் கிடந்தேன்.

இரவில் பெரிய ஆபத்து கழிவறைக்குப் போவதுதான். எங்கள் வீட்டில் கட்டிலிலிருந்து கழிவறை வரை பதினொரு அடி. ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகள் இரண்டை சுவரில் தாழ்வாக ஒட்டினோம். தரைவிரிப்பை எடுத்துவிட்டோம். விழித்ததும் எழுந்து நிற்பதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அறுபது வரை எண்ணி, தலை சுற்றவில்லை என்றால்தான் எழுவேன். முடியாத இரவுகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் யூரினல் பாட்டில் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விழுந்து இடுப்பு முறிந்தால்தான் வம்பு. கழிவறையில் கைப்பிடிகளும் வழுக்காத தரையும் வேண்டுமென்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில் கேளுங்கள். வீட்டில் 65 வயதானவர் இருந்தாலோ, 60 முதல் 64 வயதுக்குள் இருந்து அன்றாடக் காரியங்களுக்கு உதவி தேவைப்பட்டாலோ விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்கிறது. எனக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரையை இரவில் எழுதியிருந்தார்கள். பலதுறை மருந்தகத்தில் கேட்டதும் காலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமல் நாமாக மாற்றக்கூடாது.

அப்புறம் குறட்டை. வாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருக்கிறது. இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும் அது. என் குறட்டை நடுவில் நின்று, பிறகு திணறலோடு மறுபடி தொடங்குவதை மனைவி கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் போட்டுக் காட்டினார். நான் வாயால் சொன்னபோது தலையாட்டியவர், அதைக் கேட்டதும் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இப்போது மூச்சுக்குழாய் அடைபடாமல் காற்றை ஊதும் கருவியின் முகமூடி போட்டுத் தூங்குகிறேன். அதை ஒற்றைக் கையால் மாட்டப் பகலில், கண்ணாடி முன் பத்து நாள் பழகினேன். நண்பர் கொடுத்தார் என்று தூக்க மாத்திரை மட்டும் போடாதீர்கள். மூச்சுக் கோளாறு இருந்தால் இன்னும் கெடும், நடுராத்திரியில் கால் தள்ளாடும்.

தூக்கம் சரியில்லாமல் எதிலும் மனம் ஒட்டாத நிலை இரண்டு வாரம் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நான் சொல்ல நான்கு மாதம் ஆனது. ஆண்பிள்ளை வீம்பு.

பகலுக்கு எனக்கு ஒரே விதி, நாளுக்கு ஒரு பெரிய வேலை. தெரபி இருந்தால் சந்தை கிடையாது. எம்ஆர்டி ரயிலில் போவதென்றால் காலைக் கூட்டம் குறைந்து பத்து மணிக்கு மேல்தான். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பரோட்டாத் தட்டு வழுக்கி ஓடாமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தால் போதும், ஒரு கையாலேயே பிய்த்துச் சாப்பிடலாம். சாப்பிட்ட கையோடு படுக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள்.

இந்த விதிகளையெல்லாம் நானே மீறும் நாள் ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்தின இரவு லிட்டில் இந்தியாவின் தேக்கா கூட்டத்தில் பத்தரை வரை சுற்றாமல் என்னால் இருக்க முடியாது. அதற்காக மதியம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிக்கொள்வேன். அப்படியும் அடுத்த இரண்டு நாள் ஆளை அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பண்டிகை விருந்தை மூன்றாவது நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மருமகனிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.