பிக் கர்னல் லாக்கை எடுத்துவிட்டுச் சின்ன லாக் போடுவது எப்படி?

1996-இல் வந்த லினக்ஸ் 2.0-இல், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முழுவதற்கும் ஒரே பூட்டு: பிக் கர்னல் லாக். எத்தனை பிராசசர் இருந்தாலும், அந்த லாக் கையில் உள்ள ஒன்றுதான் கர்னலுக்குள் ஓடும். 2011-இல் வந்த 2.6.39-இல்தான் அது முழுசாக ஒழிந்தது. இத்தனை வருஷம் இழுத்ததற்குக் காரணம், அது எந்த டேட்டாவைக் காக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

முதல் படி அதைக் கண்டுபிடிப்பதுதான். லாக் இருக்கும் ஃபங்ஷனைப் பார்க்காதீர்கள். அதற்குள் எந்தெந்த ஃபீல்டு மாறுகிறது, அதை வேறு யார் தொடுகிறார்கள் என்று பாருங்கள். எக்ஸ்ட்2 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் இப்படித் தேடினால் மிஞ்சுவது கொஞ்சம்தான்: மவுன்ட் நிலை (டிஸ்க் இணைக்கப்பட்டிருக்கும் நிலை), சில எண்ணிக்கைகள், சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் தலைமைக் குறிப்பு) இருக்கும் பஃபர். அவற்றுக்கு ஒவ்வொரு சூப்பர்பிளாக்கிலும் ஒரு ஸ்பின்லாக் போதுமானதாக இருந்தது. இரண்டு டிஸ்க்குகள் இனி ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, ஸ்பின்லாக்கா மியூடெக்ஸா? லாக் கிடைக்கும் வரை பிராசசரைச் சுற்றவிட்டுக் காத்திருப்பது ஸ்பின்லாக்; தூங்கிக் காத்திருப்பது மியூடெக்ஸ். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதனால்தான் எக்ஸ்ட்2, லாக்குக்குள் எண்ணிக்கைகளை மட்டும் மாற்றி, லாக்கை விட்ட பிறகே டிஸ்க்கில் எழுதுகிறது. நடுவில் தூங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மியூடெக்ஸ்.

மூன்றாவது படியில் நிதானம் வேண்டும். பழைய லாக்குக்கு இரண்டு விசித்திரக் குணங்கள் உண்டு. ஒரே த்ரெட் (ஓடும் ஒரு வேலை) அதை விடாமலேயே மறுபடி மறுபடி எடுக்கலாம். த்ரெட் தூங்கப் போனால் லாக் தானாகவே விடுபடும், எழுந்ததும் திரும்ப வரும். மியூடெக்ஸில் இரண்டும் கிடையாது. இரண்டாம் முறை எடுத்தால் அங்கேயே டெட்லாக், அதாவது தனக்குத் தானே காத்து நின்றுவிடும். ரைசர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் இந்த இரண்டையும் நம்பியே எழுதப்பட்டிருந்தது. அதை மாற்றிய ஃப்ரெடெரிக் வைஸ்பெக்கர், சூப்பர்பிளாக்குக்கு ஒரு மியூடெக்ஸ் வைத்து, எத்தனை முறை எடுத்திருக்கிறது என்ற ஆழத்தையும் கணக்கு வைத்தார். தூங்கும் இடங்களில் அதைக் கையாலேயே விட்டு எடுத்தார். அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய நிரலை உடைக்காமல் நகர்த்த இதுவே நேர்மையான வழி. லாக்கை விட்டு எடுத்த ஒவ்வொரு இடத்திலும், முன்பு படித்து வைத்த மதிப்பு இன்னும் சரிதானா என்று மறுபடி பார்க்க மறக்காதீர்கள்.

கடைசியாகச் சோதனை. கர்னலை லாக்டெப்போடு (லாக் எடுக்கும் வரிசையைக் கண்காணிக்கும் கர்னல் கருவி) கம்பைல் செய்யுங்கள். ஒரு இடத்தில் ஏ என்ற லாக்கை எடுத்துவிட்டு பி, இன்னோர் இடத்தில் பி-யை எடுத்துவிட்டு ஏ என்று வரிசை மாறினால், நிஜமாகவே சிக்குவதற்கு முன்பே அது எச்சரிக்கும். ஓடிய பாதைகளை மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே மவுன்ட், ரீமவுன்ட், அன்மவுன்ட் எல்லாவற்றையும், பின்னணியில் ஃபைல்கள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள்.