கொம்புப் பவளத்தில் தட்டைப்புழு: ஆறு ஞாயிறு வேலை

என் கடல்தொட்டியில் மில்லிப்போரா என்ற கொம்புப் பவளத்தின் அடிப்பக்கம் வெளிறத் தொடங்கியபோது நான் முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையை. சோதித்தால் வழக்கம்போல 8 டிகேஹெச். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரி காட்டியது, உப்பும் சரி. மூன்று வாரம் தண்ணீரையே சோதித்துக்கொண்டிருந்தேன். பவளத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. திருப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

எங்களுடையது சிங்கப்பூர் தெம்பனிஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஹாலில் டிவி வைக்க வேண்டிய இடத்தில் நாலடிக் கடல்தொட்டி நிற்கிறது. அதில் அப்போது 11 அக்ரோபோரா, அதாவது கொம்புப் பவளங்கள், இருந்தன. புழுவை உள்ளே கொண்டுவந்தது நான்தான். ஒருவரிடம் வாங்கிய சின்னத் துண்டு; வீட்டுக்கு வந்ததும் டிப்பை (பவளத்தை முக்கியெடுக்கும் புழுமருந்து) பாட்டிலில் போட்டிருந்தபடி அளந்து ஊற்றி முக்கினேன். இரண்டு புழு விழுந்தன. விழுந்ததைப் பார்த்து, பிடித்துவிட்டேன் என்று சந்தோஷம் வேறு. துண்டை ஒட்டிவைத்திருக்கும் பிளக் என்ற சின்ன அடிக்கட்டையில் ஒட்டியிருந்த முட்டைகள் பவளத்தோடு தொட்டிக்குள் போயின.

அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழுவிடம் எல்லாரும் தோற்பது இந்த இடத்தில்தான். டிப் புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது.

முதலில், இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? கிளையின் நிழல்பக்கத்தையும் அடியையும் பாருங்கள். வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அது கடித்த தடம். ஆல்கலினிட்டி ஏறி இறங்கினால் வரும் வெளிறல் இப்படிப் புள்ளிபோட்டு வராது, திட்டாகப் பரவும் அல்லது நுனி எரியும். புழுவைக் கண்ணால் தேடுவதில் பயனில்லை. உடம்பு கண்ணாடி மாதிரி. தின்ற பவளத்தின் பாசி அதன் வயிற்றில் தெரிவதால் பவளத்தின் நிறமே அதற்கும் வந்துவிடும். 2011-இல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள் என்றால் எவ்வளவு நன்றாக ஒளிந்திருக்கிறது பாருங்கள். அதனால் பாஸ்டரை (ரப்பர் குமிழ் வைத்த பீய்ச்சுக்குழாய்) எடுத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, கிளைகளுக்கு நடுவே பலமாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். புழு இருந்தால் வெந்தய இலை உதிர்ந்ததுபோல ஒன்றிரண்டு சுழன்று வெளியே வரும். முட்டை இருக்கும் இடம் வேறு: உயிருள்ள தசை முடிந்து வெறும் எலும்பு தொடங்கும் எல்லையில், ரவையைவிடப் பொடியாக, செம்பு நிறத்தில், நெருக்கி ஒட்டிய திட்டு. பத்து டாலர் பூதக்கண்ணாடி போதும். மைக்ரோஸ்கோப் எல்லாம் வேண்டாம்.

இருக்கிறது என்று உறுதியானால், ஒரு அக்ரோவில் கண்டாலும் எல்லா அக்ரோவிலும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் நோய்ப்பட்ட மூன்றை மட்டும் எடுத்தேன். ஒரு மாதம் வீண்.

இந்தப் புழு அக்ரோபோராவைத் தவிர வேறு எதையும் தின்று பிழைப்பதில்லை. நமக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான். எல்லா அக்ரோவையும் தொட்டியை விட்டு எடுத்துவிட்டால் பாறையிலும் மணலிலும் மிச்சமிருப்பவை பட்டினியில் போய்விடும். ஆனால் எடுப்பது என்றால் முழுதாக எடுக்க வேண்டும். ரொம்ப நாள் இருந்த அக்ரோ பாறைமேல் தோசை மாதிரி படர்ந்திருக்கும். கிளையை ஒடித்து எடுத்துவிட்டு அந்தப் படலத்தை விட்டுவைத்தால் புழுவுக்குச் சாப்பாடு போட்டுவைத்த மாதிரி. உளியால் பெயர்த்து எடுங்கள். முடியாத இடத்தில் எப்பாக்சியை அப்பி மூடிவிடுங்கள். நான் ஒரு பாறையையே வெளியே எடுத்து, பால்கனியில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். கீழ்வீட்டு அங்கிள் மேலே வந்து என்ன மராமத்து என்று கேட்டுவிட்டுப் போனார்.

எடுத்த பவளங்களை வைக்கத் தனித்தொட்டி வேண்டும். என்னுடையது 60 லிட்டர். தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன பவர்ஹெட் பம்பு, ஒரு நல்ல விளக்கு, மணலும் பாறையும் கிடையாது. தண்ணீர் மாற்றும்போது பெரிய தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள், புதிதாக உப்புக் கரைத்த தண்ணீர்தான். இடுக்கி, பாஸ்டர், துண்டு எல்லாம் இரண்டு செட். சின்னத் தொட்டியில் அக்ரோவை உயிரோடு வைத்திருப்பது லேசான காரியமில்லை. எனக்கே இரண்டு போய்விட்டன, புழுவால் அல்ல, ஆல்கலினிட்டி சரிந்ததால். தினமும் சோதிக்க முடியாது என்றால், பவளங்களைப் பெரிய தொட்டியிலேயே விட்டு வாராவாரம் எடுத்து டிப் செய்யுங்கள். நாளாகும், ஆனாலும் செத்த பவளத்தைவிட மேல்.

இனி டிப். எது நல்லது என்று சண்டையே நடக்கும். நான் கோரல் ஆர்எக்ஸ் என்ற டிப் மருந்தைப் போடுகிறேன். பைன் எண்ணெய் வாசம் வீடெல்லாம் அடிக்கும், மற்றபடி குறையில்லை. இமிடாகுளோபிரிட் கலந்த தோட்டப் பூச்சிமருந்தைச் சிலர் போடுகிறார்கள். வேலை செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் சரியாக அலசாமல் கொஞ்சம் தொட்டிக்குள் போனாலும் இறால், நண்டு எல்லாம் காலி. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் அந்த பாட்டிலே உள்ளே வருவதில்லை.

மூன்று பிளாஸ்டிக் பேசின் எடுத்துக்கொள்ளுங்கள், சமையலறைக்குத் திரும்பப் போகாத பேசின்கள். முதலாவதில் தொட்டித் தண்ணீரும் மருந்தும், பாட்டிலில் சொன்ன அளவும் நேரமும். மற்ற இரண்டிலும் அலசுவதற்கு வெறும் உப்புத்தண்ணீர். பவளத்தைப் போட்டுவிட்டுச் சும்மா உட்காரக் கூடாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாஸ்டரால் எல்லாப் பக்கமும் பீய்ச்ச வேண்டும். மருந்தில் மயங்கிய புழு கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பீய்ச்சினால்தான் கழன்று விழும். வெள்ளைப் பேசின் என்றால் விழுந்ததை எண்ணலாம். நான் எண்ணி எழுதிவைத்தேன்: முதல் ஞாயிறு 43, இரண்டாவது 17, மூன்றாவது 6, நான்காவதில் திரும்ப 9. அந்த 9-ஐப் பார்த்துப் பதறாதீர்கள், அது முட்டை பொரித்த கணக்கு. சிங்கப்பூர் வெக்கையில் பேசின் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். ஏசி அறையில் வைத்துச் செய்யுங்கள், மூன்று நாலு பவளத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். டிப் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

கிளைக்குள்ளிருந்து பட்டன் அளவு நண்டு வெளியே ஓடினால் நசுக்கிவிடாதீர்கள். அது பவளத்தின் வாடகைக்காரர், எதிரி இல்லை. டிப்புக்கு முன்பே குச்சியால் தள்ளி வேறு பாத்திரத்தில் விடுங்கள்.

டிப் முடிந்த கையோடு முட்டை வேலை. நான் இப்போது தயவுதாட்சண்யமே பார்ப்பதில்லை: முட்டை தெரிந்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கட்டரால் வெட்டி, நல்ல கிளையை மட்டும் புதுப் பிளக்கில் சூப்பர்குளூ ஜெல் வைத்து ஒட்டிவிடுவேன். அடியும் பழைய பிளக்கும் குப்பைக்கு. அழகான காலனியை இப்படித் துண்டுபோட மனசு வராதுதான். வெட்டவே முடியாத பவளத்தில் பல்துலக்கும் பிரஷால் சுரண்டி, சுரண்டிய இடத்தில் ஜெல்லைத் தடவி மூடிவிடலாம். புதுப் பிளக்கில் ஒட்டியபின் இன்னொரு வசதி: வெள்ளையாக இருப்பதால் அடுத்த வாரம் புதிய முட்டை வந்தால் உடனே கண்ணில் படும்.

இதை வாரம் ஒருமுறை, ஆறு வாரம் செய்யுங்கள். முட்டை பொரிக்க வெப்பத்தைப் பொறுத்து ஒன்றரை முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடும் முன்பே அடுத்த டிப் விழ வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். நான் காலண்டரில் ஆறு ஞாயிறையும் வட்டமிட்டு வைத்தேன். ஞாயிறு விரதமா என்று என் மாமியார் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்குவதைவிட அது சுலபம்.

மீன் விட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆறுகோடு ராஸ் புழுவைத் தின்னும், உண்மை. லிஸ்மாட்டா விட்டாட்டா என்ற சின்ன இறால் முட்டையையும் தின்னும் என்று ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் எண்ணிக்கையைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. ஆறுகோடு ராஸ் வளர வளர அடாவடி வேறு. மற்ற மீன்களுக்குப் பிறகு கடைசியாக உள்ளே விடுங்கள், தொட்டிக்கு மூடி போட்டு வையுங்கள்.

பவளத்துக்கு வரும் மற்றப் பூச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்பூச்சி என்பது அரை மில்லிமீட்டர் அளவில், மஞ்சள் உடம்பில் சிவப்புப் புள்ளி, அதுவும் அக்ரோமேல்தான். நாய்க்குக் கொடுக்கும் மில்பிமைசின் மாத்திரைதான் மருந்து. கால்நடை மருத்துவர் எழுதித்தர வேண்டும். இறாலையும் நண்டையும் முன்னதாக வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மாண்டிப்போரா என்ற இன்னொரு பவளத்தின் அடியில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருப்பது அதைத் தின்னும் ஓடில்லா நத்தை. வேலை இதே வேலைதான், டிப்பும் முட்டை சுரண்டலும், ஆனால் வாரத்துக்கு இரண்டுமுறை. சோவாந்திட் (பட்டன் பவளம்) சுருங்கியே இருந்தால் இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட சுருள் நத்தை தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். சோவாந்திட்டைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது ஒட்டிய பாறையை வெந்நீரில் போடுவது, கொதிக்கவைப்பது கூடவே கூடாது. அதிலிருக்கும் பாலிடாக்சின் என்ற விஷம் ஆவியோடு மூச்சில் போனால் ஆஸ்பத்திரிதான்.

ஐந்தாவது ஞாயிறு ஒன்று விழுந்தது, ஆறாவதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் இன்னும் இரண்டு வாரம் தனித்தொட்டியிலேயே வைத்திருந்து, கடைசியாக ஒருமுறை பாஸ்டரால் பீய்ச்சிப் பார்த்தேன். கொஞ்சம் அழுக்கு மட்டும் வந்தது. ஒன்பது பவளத்தையும் அன்று மாலை பெரிய தொட்டிக்கு மாற்றினேன், டம்ளரில் காத்திருந்த நண்டையும் சேர்த்து.