எம்எக்ஸ்-5 காருக்குள் தண்ணீர்: எங்கே நுழைகிறது, எப்படி நிறுத்துவது

மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி துணிக்கூரை போட்ட காரில் கார்ப்பெட் நனைந்திருப்பதைப் பார்த்ததும் பலரும் செய்கிற முதல் காரியம், ஒரு சிலிகான் டியூப் வாங்கி வந்து கண்ட இடமெல்லாம் பூசுவது. தயவுசெய்து வேண்டாம். கூரையில் விழும் மழையைப் பிடித்து ஒரு வாய்க்கால் வழியாகக் கீழே இறக்கிவிடும்படிதான் இந்தக் காரைச் செய்திருக்கிறார்கள், அந்த வழி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். அதனால் ஓட்டையைத் தேடுவதற்கு முன்னால் அடைப்பைத் தேடுங்கள்.

1989-இல் அறிமுகமாகி 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை வண்டிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிரிட்டன் மாதிரி எப்போதும் தூறுகிற ஊரில் இன்னும் நிறைய ஓடுகின்றன. அதற்குப் பிந்தைய மாடல்களிலும் அடிப்படை இதேதான்.

சீட்டுகளுக்குப் பின்னால், கூரைத்துணியின் விளிம்பு பாடியோடு சேரும் இடத்துக்கு அடியில், குறுக்காக ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் போகும். ரெயின் ரெயில் என்பார்கள். அதன் இரண்டு முனைகளும் இடப்பக்கமும் வலப்பக்கமும் சீட் பெல்ட் மேலே வருகிற தூணுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு குழாய்க்குள் இறங்குகின்றன, அந்தக் குழாய்கள் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் திறக்கின்றன. மரத்தடியில் நிறுத்தினால் இலை, பூ, ஊசியிலை எல்லாம் இதற்குள் போய் மக்கிச் சேறாகிவிடும். அப்புறம் என்ன, தண்ணீர் வழிந்து சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டிலும், அதைவிட மோசமாக, கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதிக்குள்ளும் போகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே சில் துருப்பிடித்து ஓட்டையாகிக்கொண்டிருக்கும். பிரிட்டனில் பழைய எம்எக்ஸ்-5-கள் எம்ஓடி (வண்டி ஓட்டத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும்) சோதனையில் தோற்கிற வழக்கமான காரணங்களில் இது ஒன்று.

சோதிப்பது சுலபம். கூரையைப் பாதி திறந்து, அந்தக் குழாய் வாயில் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றுகிற வேகத்திலேயே அடியில் கொட்டினால் நல்லது. தயங்கித் தயங்கிச் சொட்டினால் அடைப்பு. எடுப்பதற்கு, புல் வெட்டும் மெஷினில் போடுகிற தடித்த நைலான் நரம்பு நல்ல சாமான். முனையைத் தீயில் லேசாகக் காட்டி உருண்டையாக்கி, மேலிருந்து விட்டுத் திருகித் திருகி இறக்குங்கள், இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். கம்ப்ரஸர் காற்றை அடியிலிருந்து அடித்தால் மேலே குழாய் இணைப்பே கழன்றுவிடலாம், பிறகு அது உள்ளுக்குள்ளேயே கொட்டும். குழாய் சுத்தமாக இருந்தும் சீட்டுக்குப் பின்னால் ஈரம் நிற்கவில்லை என்றால், அங்கே கார்ப்பெட்டைத் தூக்கி ரெயின் ரெயிலைப் பாருங்கள்: போல்ட் போட்ட இடங்களில் விரிசல் விட்டிருக்கும், அல்லது முனை குழாய் வாயை விட்டு நழுவியிருக்கும். கூரைத்துணி மாற்றிய வண்டியில் இந்த நழுவல் சகஜம்.

வடிகால் சரி, இன்னும் நனைகிறது என்றால் எங்கே நனைகிறது என்பதைக் கவனியுங்கள். முன்னால் கால் வைக்கும் இடத்தில், வெயில் நாளில், ஏசி போட்ட பிறகு வெறும் தண்ணீராக இருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது, மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனிப்பான வாடையோடு பிசுபிசுப்பாக இருந்து, முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்; காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், இன்ஜினுக்கும் ஆபத்து.

மற்றதற்கெல்லாம் ஓஸ் சோதனைதான். பிரஷர் வாஷர் கூடாது, மழையே போகாத இடத்துக்கும் அது தண்ணீரைத் தள்ளிவிடும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும், வெளியே ஒருவர் சாதாரண ஓஸால் கீழிருந்து மேலாக, ஒரு இடத்துக்குச் சில நிமிடம் என்று நனைக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து வழிந்து எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சந்தேகப்படும் இடத்தில் முகப்பவுடரைத் தூவி வைத்தால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

முன் கண்ணாடியின் மேல் மூலையில், கண்ணாடிச் சட்டமும் கூரையும் கதவுக் கண்ணாடியும் சந்திக்கிற அந்த இடத்தில், மூன்று பீடிங்குகள் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டைகள்) கூடுகின்றன, துளி பெரும்பாலும் அங்கிருந்துதான் மடியில் விழும். ஒரு தாள் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் பிடிக்கவில்லை. கூரையைப் பூட்டுகிற கொக்கியைக் கொஞ்சம் இறுக்கலாம், அரைச் சுற்று, இரண்டு பக்கமும் சமமாக. அதற்கும் சரியாகவில்லை என்றால் கதவுக் கண்ணாடியை உள்ளே சாய்த்து செட் செய்ய வேண்டும், அல்லது பீடிங்கை மாற்ற வேண்டும். பீடிங்குக்கு சிலிகான் கிரீஸ் போடுங்கள், வாசலின் போட்டால் ரப்பர் ஊறிப் பருத்துவிடும்.

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு, கண்ணாடி வழியாக இறங்கி அடியில் இருக்கும் துளைகளில் வெளியேறும். உள் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தால்தான் அது கார்ப்பெட்டுக்கு வரும். பியூட்டைல் டேப்பால் (பிசின் போல ஒட்டும் ரப்பர் டேப்) திரும்ப ஒட்டுங்கள்.

டிக்கி ஈரமாக இருந்தால் பின்விளக்கு கேஸ்கெட்டுகள், டிக்கி மூடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு, ஆன்டெனா அடிப்பாகம் மூன்றையும் சந்தேகப்படுங்கள். உள்ளே ஆள் படுத்துப் பார்க்க முடியாது, ஒரு பழைய போனில் லைட்டோடு வீடியோ போட்டு வைத்துவிட்டு மூடித் தண்ணீர் அடியுங்கள். இந்த இரண்டு தலைமுறையிலும் பேட்டரி டிக்கியில்தான் இருக்கிறது, அதனால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

ஒழுகலை நிறுத்திய பிறகுதான் காயவைக்கும் வேலை, இதைத்தான் எல்லோரும் அரைகுறையாக விடுகிறார்கள். கார்ப்பெட் மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அடியில் ஒட்டியிருக்கும் தடித்த பஞ்சு மட்டும் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கண்ணாடி பனிப்பதும் பூஞ்சை வாடையும் அதனால்தான். சீட்டைக் கழற்றி (பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் மாடலில் முதலில் பேட்டரியைத் துண்டித்துக் கொஞ்ச நேரம் பொறுத்து), கார்ப்பெட்டை வெளியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் வேக்கம் போட்டு, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். குளிர்காலத்தில் கராஜில் காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையரில் கம்ப்ரஸர் வகை சரியாக வேலை செய்யாது, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிகன்ட் வகை வேண்டும். ஈரத்தை இழுத்துத் தண்ணீராகத் தேங்கவைக்கிற கால்சியம் குளோரைடு டப்பாக்களை ஓடும் காரில் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் அந்த உப்புநீர் கார்ப்பெட்டில் காயவே காயாது, இரும்பையும் அரிக்கும். சிலிக்கா ஜெல் பை போதும். பூஞ்சைக்குத் தண்ணீர் கலந்த வினிகர், பிளீச் வேண்டாம்.

கூரைத்துணி நனைந்திருக்கும்போது மடித்து வைக்காதீர்கள். வடிகாலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதை இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் பூ உதிர்ந்ததும் ஒருமுறை செய்யுங்கள்.