மொட்டை மாடியில் காற்றின் வெப்பநிலையை அளப்பது எப்படி?

"சென்னையில் இன்று இத்தனை டிகிரி" என்று செய்திகளில் சொல்லப்படும் அளவு பெரும்பாலும் நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ உள்ள வானிலை நிலையத்தில் எடுக்கப்பட்டதாகும். கடலோரத்துக் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கடற்காற்று முன்னதாகவே நுழைந்துவிடும். சற்று உள்ளே இருக்கும் வியாசர்பாடிக்கு அது வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே நம் தெருவின் வெப்பநிலை தெரிய வேண்டுமானால் நாமே அளப்பதுதான் வழி. ராயபுரத்தில் என் வீட்டு மாடியில் நான் அமைத்த முறையை இங்கே விளக்குகிறேன்.

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. அது தரையைச் சூடாக்க, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழுகிறது. அதனால்தான் உச்சிப்பொழுது கடந்த பிறகும் வெப்பம் ஏறிக்கொண்டே போய், கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது. நம் பகுதியிலோ நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கியதும் அந்த ஏற்றம் நின்றுவிடும். மேலைக்காற்று வலுத்துக் கடற்காற்றைக் கரையேற விடாத மே மாத நாட்களே மிகக் கொடியவை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. இரவு முழுவதும் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதால், பொழுது விடியும் வேளையில் வெப்பநிலை மிகக் குறைந்திருக்கும். மேகம் மூடியிருந்தால் அந்த இழப்பு குறைந்து இரவு புழுங்கும்.

முதலில் வெப்பநிலையை அளக்கும் உணரியை (சென்சார்) வாங்க வேண்டும். மலிவான டிஎச்டி11 இரண்டு டிகிரி வரை பிசகக்கூடியது என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. எஃகுக் குழாய்க்குள் அடைத்த டிஎஸ்18பி20 அரை டிகிரிக்குள் நிற்கும், உப்புக்காற்றையும் தாங்கும். மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் எளிதில் கிடைக்கும். 4.7 கிலோ ஓம் மின்தடையுடன் அதை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்துவிடுங்கள்.

அடுத்து, உணரியைச் சோதிக்க வேண்டும். பனிக்கட்டியை நொறுக்கி ஒரு குவளை நிறைய இட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குடிநீர் ஊற்றி, உணரியை நடுவில் நிறுத்திக் கலக்கிக்கொண்டே இருந்தால் அது பூஜ்ஜியத்துக்கு வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு பின்னர் எல்லா அளவுகளிலும் சரிக்கட்டலாம். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் இதற்கு வேண்டாம். அதில் உப்பு கலந்திருந்தால் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எந்த வெப்பமானியும் தன் வெப்பநிலையையே காட்டும். அது காற்றின் வெப்பநிலையோடு ஒன்றிப்போகுமாறு செய்வதே நம் வேலை. வடக்குச் சுவரில் நிழல் இருக்கும், அங்கே மாட்டுங்கள் என்று பல கையேடுகள் சொல்கின்றன. அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்தே விழுகிறது. காலை, மாலை வெயிலும் வடக்குச் சுவரில் படும். சுவரே சூடாகும்போது உணரி சுவரைத்தான் அளக்கும்.

ஆகவே சுவரை விட்டு விலகி, மாடியின் நடுவில், சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு மரக்கம்பத்தில் அமையுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் தள்ளியே இருக்கட்டும். வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெயில் படாமல் காக்கும் ஸ்டீவன்சன் பெட்டிக்கு மாற்றாக, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைப் பாரிமுனையில் வாங்கிக் கவிழ்த்து அடுக்கலாம். உள்தட்டுகளின் நடுவே உணரிக்காகத் துளையிட்டு, தட்டுக்குத் தட்டு இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஓரங்களில் நீள போல்ட்டுகளால் கோத்து முடுக்குங்கள்; மேல்தட்டில் மட்டும் நடுத்துளை கூடாது. உணரி நடுவில், எந்தத் தட்டையும் தொடாமல் தொங்க வேண்டும். காற்று அசையாத பகலில் இந்தத் தட்டடுக்கும் சூடேறும் என்பதால், அடியில் கணினியின் சிறு விசிறி ஒன்றைப் பொருத்துவது மிக நல்லது.

வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30, மாலை 5.30 மணிகளில் அளவுகளைக் குறித்துவாருங்கள்.

பிற்சேர்க்கை: மழைக்குப் பின் அளவு திடீரென இறங்குவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மழையால் காற்றே குளிர்வதுண்டு. ஆனால் சாரல் அடித்து உணரி நனைந்திருந்தால், நீர் ஆவியாகும்போது உணரியின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆதலால் உணரி காற்றைவிடக் குறைவாகவே காட்டும். அதைத் துடைத்து உலரவிட்ட பிறகே அளவைக் குறியுங்கள். அடுக்கில் கீழே இன்னும் ஒரு தட்டைச் சேர்த்தால் சாரலும் குறையும்.