பெருங்காயத்திலிருந்து மீண்டவர் நிதி திரட்டும் நெடுநடைக்குத் தயாராவது எப்படி?

காலையோ இடுப்பையோ முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தவர்களுக்கு, பிறருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுவாக எழுவதுண்டு. நிதி திரட்டும் நெடுநடை அதற்கு நல்லதொரு வழி. ஆனால் எலும்பு கூடிவிட்டது என்பதும், உடல் 30 கிலோமீட்டர் நடக்கத் தயார் என்பதும் ஒன்றல்ல.

முறிந்த எலும்பு பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் கூடிவிடும். தொடை எலும்புக்கும் கணுக்காலுக்கு மேலுள்ள நீண்ட எலும்புக்கும் கூடுதல் காலம் ஆகலாம். இதற்குள் அசையாமல் கிடந்த தசைகள் மெலிந்துவிடுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள், இரத்த ஓட்டம் குறைவானவை என்பதால், மெதுவாகத்தான் வலுப்பெறுகின்றன. நம்மை அறியாமலே லேசான நொண்டலும் பழகிப்போய்விடும். அதன் சுமையை மறுகாலும் முதுகும் ஏற்பதால், புதிய வலி பல நேரங்களில் காயம் படாத பக்கத்தில்தான் தொடங்குகிறது.

ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே, சிகிச்சை அளித்த மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பாருங்கள். "நடக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். எத்தனை கிலோமீட்டர், எத்தகைய தரை, எவ்வளவு ஏற்ற இறக்கம், ஒரே நாளா அடுத்தடுத்த நாட்களா என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், வழியில் எந்த வலி மாத்திரையைப் போடலாம் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். சில வலி மாத்திரைகள் அம்மருந்துடன் சேரும்போது இரத்தக்கசிவு அபாயம் கூடும்.

நொண்டாமல் நடக்க முடிகிற தூரம் எதுவோ அதுவே உங்கள் தொடக்கம். வாரத்தின் நீண்ட நடையைப் பத்து விழுக்காடு அளவில் கூட்டி, நான்காவது வாரம் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவது வழக்கமான முறை. இப்படிச் சென்றால் 5 கிலோமீட்டரில் தொடங்குபவர் 20 கிலோமீட்டரைத் தொட ஏறக்குறைய 20 வாரங்கள் ஆகும். 30 கிலோமீட்டர் நடைக்கு அந்த அளவு பயிற்சி போதுமானது. நாள் குறிக்கும்போது இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். நாளைக் குறித்துவிட்டு உடலை அவசரப்படுத்துவதே நான் மிகவும் அஞ்சும் தவறு.

நடக்கும்போது உற்சாகத்தில் வலி தெரியாது. ஆகவே மறுநாள் காலையையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். தூங்கி எழுந்தபின் வலியும் வீக்கமும் வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், முந்தைய நாளின் தூரம் அதிகம் என்று பொருள். அடுத்த நடையைக் குறைக்க வேண்டும். அட்டவணை என்ன சொன்னாலும் சரி.

இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் ஏற்றத்தைவிட முழங்கால் அதிகம் சிரமப்படும். இரண்டு நடைக்கோல்கள் அச்சுமையைக் குறைக்கும். ஒரே கோல் என்றால் காயம்பட்ட காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். நெடுநேர நடையில் பாதம் வீங்குமாதலால் காலணியை மாலையில் வாங்குங்கள். புதிய காலணியோடு நடைநாளில் புறப்பட வேண்டாம்.

திரட்டும் பணத்தை நடையின் முடிவோடு பிணைக்காதீர்கள். முழுத் தூரத்தையும் முடிக்காவிட்டாலும் நன்கொடை உரியவர்களைச் சேரும் என்று கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டால், வலியோடு நடந்தே தீர வேண்டிய கட்டாயம் இராது. தூரம் பெரிதாக இருக்க வேண்டியதுமில்லை. 2018இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த, பிரிட்டனின் முன்னாள் இராணுவ அதிகாரி டாம் மூர், 2020இல் தமது 99ஆம் வயதில், நடைச்சட்டத்தைப் பிடித்தபடி 25 மீட்டர் நீளத் தோட்டத்தை 100 முறை நடந்தார். பிரிட்டனின் மருத்துவச் சேவைக்கான அறநிதிக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

நடைநாளில், உங்கள் காயத்தையும் மருந்துகளையும் ஏற்பாட்டாளர்களிடமும் உடன் நடப்பவரிடமும் தெரிவித்திருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறல் ஏற்பட்டாலோ, அது இரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கக்கூடும். உடனே நின்று மருத்துவ உதவி கேட்க வேண்டும். வேறு காரணத்தால் இடையில் விலகினாலும், அருகிலுள்ள சாவடியில் பெயரைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இல்லையெனில் இருட்டிய பின்னும் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.